துரும்பு

சேசு மரி சூசை

தங்கச்சிமடம்
6-1-57

ஆசையுள்ள மகள் சண்முகவள்ளிக்கு அத்தை எழுதிக்கொள்வது.

உன் கடுதாசி நேற்று வந்தது. நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கை கழுவாமலே பிரித்துவிட்டேன். இப்போது கடுதாசியும் நாறுகிறது, நானும் நாறுகிறேன். முதல் இரண்டு வரி எப்போதும்போல நலம், நலமறிய ஆவல். மூன்றாவது வரியில் இப்படியாடி குண்டைத் தூக்கிப் போடுவாய்! அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். காக்கா வந்து நெத்திலியைக் கொத்திக்கொண்டு போனது. அதை விரட்டக்கூடத் தோன்றவில்லை.

உன் புருசன் வீரபத்திரனுக்கு வருகிற தையிலேயே கல்யாணம் வைக்க வேறு பெண் பார்த்தாயிற்றா? பிள்ளை இல்லை என்பதற்காகவா? அதையும் உன் மாமியார் ராமலெட்சுமி உன்னிடமே வந்து சொல்லி, நிச்சயதார்த்தப் பலகாரத்துக்கு நீயே மாவு இடி என்று உலக்கையைக் கையில் கொடுத்தாளா? எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. நீயும் இடித்துக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் கொஞ்சமும் நம்ப முடியவில்லை. நானாக இருந்தால் அந்த மாவில் ஒரு கை கடல் மண்ணைப் போட்டிருப்பேன்.

போன வருசம் ஓரியூர்த் திருவிழாவில் செம்மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளை வரம் கேட்டு நீ அழுதுகொண்டு நின்றாய். நான்தான் பக்கத்தில் வந்து, "ஏத்தா, அழுது மண்ணைச் சேறாக்காத" என்று சொன்னேன். நீ சிரித்தாய். அன்றைக்குப் பிடித்த பழக்கம். அங்கே வெட்டுப்பட்டுச் செத்த அருளானந்தர் எதற்காகத் தலையைக் கொடுத்தார் தெரியுமா? ஒரு பெரிய மனுசனைப் பார்த்து, உனக்கு ஒரு பெண்டாட்டி போதும் என்று சொன்னதற்காக. அவர் ரத்தம் விழுந்த மண்ணை முடிந்து வைத்திருக்கிற வீட்டுக்குள்ளேயே இரண்டாமவளா வரப்போகிறாள்?

இப்போது அத்தை சொல்வதைக் கேள். இனிமேல் உங்கள் ஆட்களுக்கும் ஒருத்தி இருக்கும்போது இன்னொருத்தி கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாம். எங்கள் சாமியாரே பிரசங்கத்தில் சொன்னார். அதனால் பயப்படாதே. உன் பெட்டியைக் கட்டு. அய்யா வீட்டுக்குப் போய்விடு. போகும்போது அழாதே, மண்ணை வாரித் தூற்றாதே. நாலு பேர் காதில் விழுகிற மாதிரி "நான் வரமாட்டேன்" என்று மட்டும் சொல். அவ்வளவுதான். நாலு நாள் தானே சோறு வடித்துப் பார்த்தால் உன் புருசன் ஓடி வருவான்.

நான் மூன்று தரம் அப்படி எங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்று தரமும் உன் மாமா வந்தார். முதல் தரம் கையில் ஒரு விளமீனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். வாயைத் திறந்து வா என்று சொல்ல வெட்கம். "இத யாரு ஆக்குறது?" என்றுதான் கேட்டார். அந்த மீனைவிட அவர் முழிதான் பெரிதாக இருந்தது.

மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். அவருக்கென்ன, கடல் இருக்கிற வரைக்கும் இருப்பார். அவர் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தைரியமாக இரு.

இப்படிக்கு,
கில்பர்ட் பெஞ்சாதி யாகப்பம்மாள்

---

முருகன் துணை

நெடுவயல்
18-1-57

மரியாதைக்குரிய அத்தைக்கு வள்ளி வணக்கம் எழுதிக்கொண்டது.

மேலே ஊரைப் பார்த்தீர்களா? அய்யா வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கல் அன்றைக்கு என் மாமியார் என்னைக் கூப்பிட்டு, "அவ வந்தப்புறமும் நீ எங்கயும் போகவேண்டாம். மாட்டுக்கும் ஆச்சு, பிறக்கிற பிள்ளைக்கும் ஆச்சுன்னு இங்கனயே கெட" என்று சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அத்தை. எனக்குப் பெரிய உபகாரம் செய்கிறதாகவே அவர்கள் முகம் இருந்தது. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைது விரட்டியிருந்தால்கூட இப்படி இருந்திருக்காது.

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். என் மாமனார் கூத்தையா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் தொழுவத்தருகே நின்றார்கள். "நான் இனி வரமாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. என் வீட்டுக்காரர் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த கொம்புக்குப் போய்விட்டார்.

அய்யா என்னை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கொல்லையில் மிளகாய் பழுக்க ஆரம்பித்திருக்கிறது. காலையில் இறங்கினால் பொழுது போவது தெரியவில்லை.

தங்கள் அன்புள்ள,
சண்முகவள்ளி

---

சேசு மரி சூசை

தங்கச்சிமடம்
23-1-57

என் ராசாத்தி வள்ளிக்கு,

அப்படிப் போடு! கடுதாசியைப் பக்கத்து வீட்டு அருள்மேரிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டாள். நெல்லும் புல்லுமாகக் கிடக்கிற ஊரில் இப்படி ஒரு சுறாமீனா என்று கேட்கிறாள்.

கொம்புக்கு வர்ணம் பூசினானாமே உன் புருசன்! பூசட்டும். அவன் வந்தால் உடனே எழுந்து ஓடாதே. முதலில் தண்ணீர் கொடு, சோறு கொடுக்காதே. வாசலில் கொஞ்ச நேரம் காயட்டும். கருவாட்டுக்கும் புருசனுக்கும் வெயில் ஒன்றுதான், நன்றாகக் காய்ந்தால் கெட்டுப்போகாது.

பிப்ரவரி நாலாந் தேதி ஓரியூர்த் திருவிழா. நான் கட்டாயம் வருவேன். நீ அவன் தோளை இடித்துக்கொண்டு வா. அவன் முழியை நான் பார்க்கவேண்டும். என் வீட்டுக்காரர் முழியோடு ஒத்துப்பார்க்க ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
கில்பர்ட் பெஞ்சாதி யாகப்பம்மாள்

---

சேசு மரி சூசை

தங்கச்சிமடம்
6-2-57

வள்ளி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்தே கொஞ்சம். அதுவும் இன்றைக்குக் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

ஓரியூரில் பூசை முடிந்து, சப்பரம் முடிந்து, உன்னைத் தேடித் தேடிப் பார்த்தேன். காணவில்லை. உன் புருசன் ஊர் பக்கத்தில்தானே, சமாதானமாகிக் குடித்தனத்தில் மும்முரமாக இருப்பாய், போய்க் காதைத் திருகிவிட்டு வரலாம் என்று புளியங்கண்மாய்க்கு நடந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன், பாவி.

உன் வீட்டு வாசலில் பந்தல். உன் மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கய்யா விசேசம்?"

"மகனுக்குக் கல்யாணம், ஆத்தா. நீ யாரு? எந்தூரு?"

"வள்ளிக்கு அத்தை முறை. தீவுலருந்து வாரேன். வள்ளி எங்க?"

"அவளுக்குத்தான் துரும்பு போட்டாச்சே" என்றார். மாட்டுக்குத் தீனி போட்டாச்சு என்கிற மாதிரிச் சொன்னார்.

எனக்கு விளங்கவில்லை. என்ன துரும்பு என்று கேட்டேன். ஊர்க்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து, ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து, புருசன் பெண்டாட்டி முன்னால் இரண்டாக முறித்து, ஆளுக்கு ஒரு பாதி கையில் கொடுத்துவிட்டால் கல்யாணம் தீர்ந்தது என்றார். அவர் என்னைக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்து, வள்ளி, நான் சிரித்தேன். "ஏங்கய்யா, வைக்கோலா? மாடு தின்னா என்ன செய்வீக?" என்றுகூடக் கேட்டேன். அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அது நிசம் என்று எனக்கு உறைத்தது.

உன் மாமியார் உள்ளேயிருந்து வந்தாள். "நாலு பேரு காதுல விழ வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனவளுக்கு வேற என்னத்தா செய்ய?" என்றாள். நாலு பேர் காதில் விழ! அது என் சொல். நான் எழுதிக் கொடுத்தபடி அவள் வாயிலிருந்து வருகிறது.

"சட்டம் இருக்குல்ல?" என்றேன்.

"அதுக்குத்தானே துரும்பு. இப்ப ஒருத்தியும் இல்ல. இனி வர்றவ ஒருத்திதான்."

உன் புருசன் பந்தக்காலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்தேன். "ஏலே வீரபத்திரா, அவ கோவிச்சுக்கிட்டுல்ல போனா. கோவிச்சுக்கிட்டுப் போனா கூப்பிடணும்டா" என்றேன். அவன் கட்டிய மாவிலையையே பார்த்துக்கொண்டு, "அவளே சொன்னாள்ல" என்றான். அவ்வளவுதான். அவன் கை சில்லென்று இருந்தது. என் கையா அவன் கையா, தெரியவில்லை.

எனக்குத் தெரியாதடி. சத்தியமாகத் தெரியாது. எங்கள் தெருவில் புருசனும் பெண்டாட்டியும் துடுப்பால் அடித்துக்கொண்டாலும் கல்யாணம் முறியாது. கோயிலில் கட்டியது கல்லறைக்குத்தான் போகும். சாமியாரே நினைத்தாலும் அவிழ்க்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் கோபித்துக்கொண்டு போகிறோம், வருகிறோம், விளையாடுகிறோம். ஊருக்கெல்லாம் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். உங்கள் ஊரில் அது ஒரு வைக்கோலில் தொங்குகிறது என்று யார் எனக்குச் சொன்னார்கள்? நான் உனக்கு வயதில் மூத்தவள், புத்தி சொல்ல வந்தவள். என் வாயால் உன் வாழ்க்கையை முறித்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்தவள் "என்னக்கா, சாவு வீடா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

இன்னொன்று. தை அமாவாசை அன்றைக்கு, நான் கருவாடு கொண்டு மண்டபம் போயிருந்த நேரத்தில், யாரோ ஒரு பெரியவர் வந்து புத்தரிசிப் பொட்டலம் ஒன்றை அருள்மேரியிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். உன் அய்யா சோணைமுத்துவா? துரும்பு விழுந்த பிறகா எனக்கு அரிசி கொண்டுவந்தார்? அதைச் சோறாக்கி என் தொண்டையில் எப்படி இறக்குவேன்?

என்னைத் திட்டி ஒரு கடுதாசி எழுது. எவ்வளவு கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கில்பர்ட் பெஞ்சாதி யாகப்பம்மாள்

---

முருகன் துணை

நெடுவயல்
17-2-57

அன்புள்ள அத்தைக்கு,

திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் நான் அழுதேன். துரும்பு விழுந்த அன்றைக்கு அழவில்லை.

அத்தை, துரும்பு வரும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் இந்த ஊரில் பிறந்தவள். என் சின்னம்மாவுக்கு எங்கள் வேப்பமரத்தடியில் துரும்பு போட்டதை இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். வரமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னால் என்ன நடக்கும் என்பது இங்கே பாவாடை கட்டிய பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

நீங்கள் எழுதியது கோபித்துக்கொண்டு போகிறவளுக்கு. நான் போனது போய்விடுவதற்கு. அதற்கு எனக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அதைச் சொல்கிற தைரியம் என் வீட்டில் யாரிடமும் இல்லை. உங்கள் கடிதத்தில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் வேண்டாம் என்று தடுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் கை நீட்டியதில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளைக்குப் பேர் வைக்கும்போது என்னை உள்ளே இரு என்பார்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது புறப்படும்போது என்னை எதிரே வராதே என்பார்கள், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்காக ஒரு தரம் வாயைத் திறந்திருந்தால், அங்கே மாட்டுக்கும் ஆச்சு மனுசருக்கும் ஆச்சு என்று கிடந்திருப்பேன். திறக்கவில்லை. நல்லவேளை.

துரும்பு எப்படி முறிந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். சத்தமே வரவில்லை, அத்தை. ஒரு பெரியவர் இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமலில் முறிந்தது. என் பாதியைக் கையில் வாங்கியபோது, இவ்வளவு லேசானதையா இத்தனை வருசம் சுமந்தோம் என்று எனக்குத் திடுக்கென்றது. அய்யா பக்கத்தில் நின்று, "வா ஆத்தா, மிளகாய் பழுத்துக் கெடக்கு" என்றார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

புத்தரிசி கொண்டுவந்தது அய்யாதான். இராமேசுவரத்தில் முழுக்குப் போட வந்தவர், என் மகளுக்கு வாய் கொடுத்த மகராசியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உங்கள் தெருவுக்கு வந்தார். நீங்கள் இல்லை. "வீட்டுக்காரராவது இருக்காரா?" என்று அருள்மேரி அம்மாளைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் இவரைச் சொந்தக்காரர் என்று நினைத்துச் சொல்லிவிட்டார்கள். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருசமே மாமா இலங்கையில் மன்னார்ப் பக்கம் மீன்பிடிக்கப் போய், அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகி, பிள்ளைகளும் இருக்கிறதாக.

அய்யா திரும்பி வந்து என்னிடம் சொன்னது இதுதான்: "கொடியில ஆம்பளைச் சட்டை ஒண்ணு காயுது ஆத்தா. துவைச்சுத் துவைச்சே நெறம் போயிருச்சு. போட்டு அழுக்கான சட்டை இல்ல அது."

உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். நீங்கள் எங்கேயும் பொய் எழுதவில்லை. மாமா வீட்டில் இருக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நான்தான் சிரித்துச் சிரித்துப் படித்துவிட்டுக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்று தரம் மாமா வந்து கூப்பிட்டார் என்றீர்களே. பிறகு?

வயதில் சின்னவள் கேட்கக்கூடாததைக் கேட்கிறேன் என்றால் மன்னித்துவிடுங்கள். இதற்குள் ஒரு முழுத் துரும்பு வைத்திருக்கிறேன். எங்கள் களத்தில் எடுத்தது. உங்கள் வேதத்தில் இது செல்லாது என்று தெரியும். சும்மா கையில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு லேசு என்று பாருங்கள்.

தங்கள் மகள்,
வள்ளி

---

சேசு மரி சூசை

தங்கச்சிமடம்
10-3-57

ஆசை மகள் வள்ளிக்கு,

கடுதாசியைப் பிரித்ததும் மடியில் ஒரு துரும்பு விழுந்தது. நீ எழுதியதைப் படிக்குமுன் அதைத்தான் பார்த்தேன். பூச்சியைக் கண்டவள் போலத் துள்ளி எழுந்து உதறினேன். அருள்மேரி ஓடி வந்தாள். பிறகு நீ எழுதியதைப் படித்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு என்னக்கா தெரியும், அரிசி கொண்டுவந்தவரு உன் அண்ணன் மொறைன்னு நெனச்சேன்" என்கிறாள். அவளைத் திட்டவில்லை. தெருவுக்கே தெரிந்ததுதான். என் முன்னால் யாரும் பேசமாட்டார்கள். அவர்கள் வாயைத் திறக்குமுன்னே நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேனே.

உன்னிடம் அப்படிச் சிரித்துத் தப்ப முடியவில்லை, அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள். விபூதித் திருநாளும் போய்த் தவசு காலம் தொடங்கிவிட்டது.

பிறகு என்று கேட்டாய். உன் மாமியார், உன் புருசன், எங்கள் சாமியார், ஒருத்தரும் கேட்காததை நீ கேட்டுவிட்டாய். சொல்கிறேன். மூன்று தரம் வந்து கூப்பிட்டது நிசம். விளமீனும் நிசம். நாலாம் தரம் நான் எங்கேயும் போகவில்லை. கோபம்கூட இல்லை. சட்டையைத் துவைத்துப் போடு, வந்து உடுத்திக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர்தான் போனார். துவைத்துப் போட்டேன். மாசக்கணக்கில் கழித்து மன்னாரிலிருந்து வந்தவர்கள் விசயத்தைச் சொன்னபோது, தூசியாயிற்றே என்று திரும்ப அலசிப் போட்டிருந்த சட்டை ஈரமாகவே இருந்தது. காய்ந்ததும் எடுத்து மடித்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமை, அழுக்காகாத சட்டையை மறுபடி நனைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்குத் துரும்பு இல்லை, மகளே. முறியவும் இல்லை, இருக்கவும் இல்லை. சட்டை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

உனக்குப் புத்தி சொன்ன அன்றைக்கு, உன் புருசன் ஓடி வருவான் என்று எழுதினேனே, அப்போது நான் வீரபத்திரனையா நினைத்தேன்? இந்த நாற்பத்தெட்டு வயதில் அதை நீ காட்டித்தான் பார்க்கிறேன். பார்த்ததும் எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. என் வாய் அடைத்ததை அருள்மேரி இப்போதுதான் முதல் தரமாகப் பார்க்கிறாள். வைத்தியரைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டாள்.

உன் அய்யாவின் புத்தரிசியை நேற்று வடித்தேன். வடித்து இறக்கும்போது சட்டி சுட்டது, கரித்துணியைத் தேடினேன். கிடைக்கவில்லை. கொடியில் சட்டை கிடந்தது. எடுத்தேன். கழுத்துப் பட்டியில் இரண்டு கையையும் கொடுத்து இழுத்தேன்.

உன் துரும்புக்குச் சத்தம் இல்லை என்றாயே. இது கிழிந்தபோது இருந்தது. தெருக்கோடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருசம் வெயிலில் இற்றுப்போன துணிக்கு இவ்வளவு சத்தமா!

சோற்றை இறக்கினேன். அருள்மேரியும் நானும் சாப்பிட்டோம். உங்கள் ஊர் அரிசி இனிக்கிறது. உன் அய்யாவிடம் சொல்.

துரும்பை என்ன செய்தேன் என்று கேட்பாய். முதலில் மாதா படத்துக்குப் பின்னால் சொருகினேன். பிறகு மாதா என்ன நினைப்பாள் என்று எடுத்துவிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் வாளை முள் பல்லில் மாட்டிக்கொண்டது. உன் துரும்பு கையில் இருந்தது. குத்தினேன். முறிந்துவிட்டது. இதைப் போய்ச் சாமியாரிடம் பாவம் என்று சொல்லவேண்டுமா? நீயே சொல்.

மிளகாய் பறித்து முடிந்ததும் அய்யாவைக் கூட்டிக்கொண்டு வா. விளமீன் வாங்கி வைக்கிறேன். யார் ஆக்குவது என்று யாரும் கேட்கவேண்டாம், நானே ஆக்குகிறேன்.

கொடி வெறுமனே கிடக்கிறது. வாளை மீனைக் கட்டிக் காயவிடப் போகிறேன்.

இப்படிக்கு,
யாகப்பம்மாள்